விலங்குப் படப் புத்தகம் வாங்கும் முன்: ஒரு புத்தகத்துக்கு ஒரு வேலை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

குழந்தைகளுக்கான ஆப்கள் பற்றிப் பேசின எபிசோடுக்கு வந்த கேள்விகளில் பாதி, ஆப் பற்றியே இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும், ரெண்டு வயசுக் குழந்தைக்கு என்ன புத்தகம் வாங்கலாம்னு சொல்லுங்க" என்றுதான் கேட்டிருந்தீர்கள். அதனால் இன்றைக்குப் படப் புத்தகம், அதிலும் விலங்குப் புத்தகம். ஏன்னா எந்தக் கடையிலும் குழந்தைகள் அலமாரி முன்னாடி போய் நின்னா, யானை, முயல், கரடி, சிங்கம்தான் வரிசையா நிக்குது.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் குழந்தை மருத்துவரோ உளவியல் நிபுணரோ இல்லை. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற ஆள். மூன்றரை வயசுல அக்கா பொண்ணு ஒருத்தி இருக்கா. அவளுக்குப் புத்தகம் வாங்கித் தர்ற சித்தி என்பதுதான் என் தகுதி. அவளுக்காகத் தேடும்போது இது சம்பந்தமான ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அதில் தெளிவாக இருந்ததை இங்கே சொல்றேன். சொந்தக் கருத்து வரும் இடத்தில், அது என் கருத்து என்றே சொல்லிவிடுவேன்.

சுருக்கத்தை முதல்லயே சொல்லிடறேன். நாம் "விலங்குப் புத்தகம்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, பெயர் சொல்லித் தரும் புத்தகம். இரண்டு, விலங்கைப் பற்றிய உண்மையைச் சொல்லும் புத்தகம். மூன்று, விலங்கை வைத்துக் கதை சொல்லும் புத்தகம். மூணுமே வீட்டுக்கு வேணும். ஆனா ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யும் என்று நினைத்து வாங்கும்போதுதான் சிக்கல் வருது. கோட் எழுதும்போது ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு வேலை கொடுன்னு சொல்வாங்க இல்லையா? புத்தகத்துக்கும் அதே விதிதான்.

குழந்தை படத்தை எப்படிப் பார்க்கிறது?

நமக்குப் படம் என்றால் படம். ஆனால் அது நாம் கற்றுக்கொண்ட விஷயம். 1998-ல் ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. 9 மாதக் குழந்தைகளிடம் பொருட்களின் வண்ணப் படங்கள் உள்ள புத்தகத்தைக் கொடுத்தார்கள். குழந்தைகள் படத்தில் இருந்த பொருளைக் கையால் பிடித்து எடுக்கப் பார்த்தார்கள். ஒன்றரை வயது வாக்கில் அந்தப் பழக்கம் குறைந்து, விரலால் சுட்டிக்காட்டுவது வந்துவிடுகிறது. அதாவது "இது நிஜப் பொருள் இல்லை, நிஜப் பொருளைக் குறிக்கிற ஒன்று" என்ற புரிதல், அந்த ஒன்பது மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

அடுத்த கேள்வி, புத்தகத்தில் பார்த்ததை வெளியில் பார்த்தால் அடையாளம் தெரியுமா? 2008-ல் பாட்ரிசியா கனேயா, டிலோச் ஆகியோர் 15 மாதம், 18 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். புத்தகத்தில் கற்ற புதுச் சொல்லை நிஜப் பொருளுக்குப் பொருத்துவது, படம் நிஜத்துக்கு நெருக்கமாக இருந்தபோது நன்றாக நடந்தது. கார்ட்டூன் படமாக இருந்தபோது குறைந்தது.

இதிலிருந்து நேரடியாக ஒரு முடிவுக்கு வரலாம். இரண்டு வயதுக்குள் பெயர் சொல்லித் தர வாங்கும் புத்தகத்தில் புகைப்படமோ, நிஜம் போல வரைந்த படமோ இருக்கட்டும். ஊதா நிற மாடும், கண்ணாடி போட்ட ஆந்தையும் அழகுதான், அதுக்கு வேற நேரம் வரும். மாடு என்ற சொல்லை முதல்முறை பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு, தெருவில் நிற்கும் மாடு மாதிரியே இருக்கிற மாடு வேண்டும்.

திறக்கிற கதவு, எழுந்து நிக்கிற யானை

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த வகைதான். பக்கத்தைத் திறந்தால் யானை எழுந்து நிற்கும், தாளை இழுத்தால் முதலை வாயைத் திறக்கும். விலையும் கூட.

2010-ல் கனேயா, டிலோச் இருவரும் இடம்பெற்ற இன்னொரு குழு இதைச் சோதித்தது. ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தைகள், விலங்குப் பெயர்களைச் சாதாரணப் படப் புத்தகத்தில் இருந்து கற்ற அளவுக்கு, எழுந்து நிற்கும் படங்கள் உள்ள புத்தகத்தில் இருந்து கற்கவில்லை. காரணத்தை யோசித்தால் சுலபமாகப் புரியும். குழந்தையின் கவனம் காகிதத்தை இழுப்பதில் போகிறது. காகிதம் சுவாரசியமாக இருக்கும்போது "இது முதலை" என்று நாம் சொல்வது காதில் விழுவதில்லை.

அதுக்காக அவற்றை வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ராட் கேம்பல் 1982-ல் வெளியிட்ட 'டியர் ஸூ' இன்றைக்கும் விற்கிறது. பெட்டியைத் திறந்து உள்ளே என்ன விலங்கு என்று பார்க்கும் புத்தகம். அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பது, கையால் திறப்பது, சிரிப்பது எல்லாம் அதில் கிடைக்கிறது. அதை விளையாட்டுப் புத்தகம் என்ற கணக்கில் வாங்குங்க. பெயர் கற்க வேறொரு எளிய புத்தகம் இருக்கட்டும்.

பெயர்ப் புத்தகத்துக்கு நான் பார்ப்பது நான்கே விஷயம்: கெட்டி அட்டைப் பக்கம், முனை வளைவாக இருப்பது, பக்கத்துக்கு ஒரே விலங்கு, பின்னணியில் கூட்டம் இல்லாதது. "100 விலங்குகள்" என்று ஒரு பக்கத்தில் பதினாறு தபால்தலை மாதிரி அடுக்கியிருக்கும் புத்தகம் பணத்துக்கு நிறைய தருவது போலத் தெரியும். ஆனால் 2018-ல் ஜோயி ஃபிளாக், ஜெசிகா ஹோர்ஸ்ட் செய்த ஆய்வில், ஒரே நேரத்தில் இரண்டு படங்கள் கண்முன் இருந்தாலே சின்னக் குழந்தைகள் புதுச் சொல்லைக் கற்பது குறைந்தது. எந்தப் படத்தைப் பற்றிப் படிக்கிறோமோ அதைக் கையால் காட்டியபோது நிலைமை மாறியது. ஏற்கனவே அந்தப் பதினாறு கட்டப் புத்தகம் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். விரல் வைத்துப் படித்தால் போதும்.

பேசுகிற முயல் என்ன கற்றுத்தருகிறது?

நான் தேட ஆரம்பித்தபோது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

2014-ல் கனேயா குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் கேள்விப்படாத விலங்குகளைப் பற்றிப் படித்துக் காட்டினார்கள். கினிப் பன்றி இனத்து விலங்கு, கடலடியில் துடுப்பால் நடக்கும் மீன், ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணி தின்னும் பறவை. ஒரு குழுவுக்கு உள்ளது உள்ளபடி. இன்னொரு குழுவுக்கு, அந்த விலங்குகள் மனிதர்களைப் போல நினைப்பது, பேசுவது என்ற நடையில். பிறகு கேள்வி கேட்டபோது, மனித நடையில் கேட்ட குழந்தைகள் விலங்கைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகக் கற்றிருந்தார்கள். நிஜ விலங்கும் பேசும், மனிதர்களைப் போல உணரும் என்று சொல்வதும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

சரி, உண்மை கற்காவிட்டால் போகட்டும், நீதியாவது கற்றுக்கொள்ளுமே என்று கேட்கலாம். 2018-ல் டொராண்டோவில் அதையும் பார்த்தார்கள். 4 முதல் 6 வயதுக் குழந்தைகள். பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதை, ஒரு குழுவுக்கு ரக்கூன் முதலிய விலங்குகள் பாத்திரமாக, இன்னொரு குழுவுக்கு மனிதர்கள் பாத்திரமாக. கதைக்கு முன்னும் பின்னும் குழந்தைகள் தங்கள் ஸ்டிக்கர்களில் எத்தனையை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். மனிதர் கதை கேட்டவர்கள் முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அது கூடவில்லை, குறைந்தது. ரக்கூன் செய்ததைத் தன் வாழ்க்கைக்குக் கொண்டுவர அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு படி கூடுதலாகத் தாண்ட வேண்டியிருக்கிறது.

இது ஒரு ஆய்வு, ஒரு ஊர், ஒரு கதை. இதை வைத்துப் பஞ்சதந்திரத்தைப் பரணில் போட வேண்டாம். கதை கேட்பதே ஒரு சந்தோஷம். சொல்வளம், அடுத்து என்ன என்ற ஆவல், மடியில் உட்கார்ந்து கேட்கிற நேரம் எல்லாம் கதையில் இருந்துதான் வருகிறது. எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969-ல் வந்தது. அந்தப் புழு கேக், ஐஸ்கிரீம் எல்லாம் சாப்பிடும். கடைசியில் பட்டுப்பூச்சி போல ஒரு கூடு கட்டி, அதிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வரும். நிஜத்தில் வண்ணத்துப்பூச்சிகள் பொதுவாக அப்படிக் கூடு கட்டுவதில்லை, தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகத் தொங்கும். ஆனால் அந்தப் புத்தகத்தின் வேலை எண்ணுவது, கிழமை சொல்வது, ஓட்டையில் விரல் விடுவது. அந்த வேலையை அது பிரமாதமாகச் செய்கிறது. உயிரியல் பாடம் அதனிடம் கேட்டால் தப்பு நம் மேல்தான்.

பாலம் போடுகிற ஒரு வாக்கியம்

கதைப் புத்தகத்தையும் நிஜ விலங்கையும் இணைக்க, படித்து முடித்ததும் ஒரே ஒரு வாக்கியம் சேருங்க. "கதைல நரி பேசிச்சு. நிஜ நரி பேசுமா? எப்படிக் கத்தும்?" அவ்வளவுதான். காக்கா வடை கதைக்கு அப்புறம் ஜன்னலில் நிஜக் காக்காவைக் காட்டி, "இது வாயில எதையாவது வெச்சிருக்கா பாரு" என்று கேட்கலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தாகமெடுத்த காக்கா கதை. பானையில் கல்லைப் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் கதை. 2009-ல் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி இருவரும் காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகளிடம் இதைச் சோதித்தார்கள். குழாயில் தண்ணீர், மேலே மிதக்கும் புழு, பக்கத்தில் கற்கள். பறவைகள் கல்லைப் போட்டு, தண்ணீரை உயர்த்தி, புழுவை எடுத்தன. குழந்தையிடம் "இது நிஜமாவே செய்யுமாம்" என்று சொல்ல முடிகிற நீதிக்கதை எத்தனை இருக்கு சொல்லுங்க! கதை முடியும் இடத்தில் உண்மை ஆரம்பிக்கிறது என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், அதுக்கப்புறம் அதுவே கேட்கும்: "இது கதையா, நிஜமா?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் நம்ம வேலையில் பாதி முடிந்தது.

கடையில் நின்று செய்யும் ஐந்து நிமிடச் சோதனை

உண்மை சொல்லும் புத்தகம் வாங்கும்போது உள்ளே புரட்டிப் பாருங்க. நான் தேடும் இடங்கள் இவை:

1. பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிக்கட்டி மேல் நிற்கிறதா? பனிக்கரடி வட துருவப் பக்கம், பென்குயின் பூமியின் தென் பாதி. காட்டில் சந்திக்க வாய்ப்பே இல்லை.

2. யானை. நம்ம ஊர்க் காடு என்று போட்டுவிட்டு, விசிறி போன்ற பெரிய காதும் நீளத் தந்தமும் உள்ள அம்மா யானையை வரைந்திருந்தால், அது ஆப்பிரிக்க யானை. ஆசிய யானையில் பெண்ணுக்கு அப்படி நீளத் தந்தம் கிடையாது.

3. கால்களை எண்ணுங்க. பூச்சிக்கு 6, சிலந்திக்கு 8. இதில் தப்பு இருந்தால் மற்றதையும் யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

4. வௌவால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பறவைகள் பக்கத்தில் இருந்தால் கீழே வைத்துவிடலாம். அது பாலூட்டி.

5. ஒட்டகத் திமிலில் தண்ணீர் என்று எழுதியிருக்கிறதா? அதில் இருப்பது கொழுப்பு. பாம்பு கிண்ணத்தில் பால் குடிக்கிறதா? பால் பாம்பின் உணவே கிடையாது.

6. மொழிபெயர்ப்புப் புத்தகமா? அப்படின்னா குட்டிகளின் பெயரைப் பாருங்க. "குட்டிப் பசு", "குழந்தைக் கோழி" என்று இருந்தால் யாரோ அவசரத்தில் வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருக்கிறார்கள். தமிழில் பசுவுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு, நாய்க்குக் குட்டி. அணிலையும் கீரியையும் கிளியையும் "பிள்ளை" என்று கூப்பிடும் மொழி இது. சத்தத்துக்கும் அப்படித்தான். யானை பிளிறும், மயில் அகவும், குதிரை கனைக்கும், குயில் கூவும். எல்லா விலங்கும் "கத்தியது" என்று எழுதிய புத்தகத்தில் குழந்தைக்கு ஒரு வினைச்சொல்தான் கிடைக்கும்.

ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னாடி ஓணான்

வரிக்குதிரையும் கங்காருவும் தெரிந்த குழந்தைக்கு மைனா தெரியாமல் இருப்பதைப் பார்க்கிறோம். காரணம் எளிது. ஆங்கில எழுத்து வரிசைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வரிக்குதிரை தேவை, மைனா தேவையில்லை. நம்ம எழுத்து வரிசை இந்த விஷயத்தில் பரவாயில்லை. அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆடு, ஈ-க்கு ஈ, எ-வுக்கு எலி. எல்லாமே வீட்டு வாசலைத் தாண்டினால் கிடைக்கும்.

ஊர் விலங்குக்கு முன்னுரிமை என்று நான் சொல்வதற்குக் காரணம் ஊர்ப்பற்று இல்லை. புத்தகத்தில் பார்த்ததை அன்றைக்கே நிஜத்தில் சரிபார்க்க முடிகிற விலங்கு அதுதான். காலையில் பல்லி படம், ராத்திரி டியூப்லைட் பக்கத்தில் பல்லி. முதுகில் மூன்று கோடு இருக்கிறதா என்று அணிலை எண்ணிப் பார்க்கலாம். நான்கு வயதுக்கு மேல் கொஞ்சம் தூரம் போகலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப்புறா, 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன்.

எங்கே கிடைக்கும்? சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா, தமிழிலும், தமிழ்-ஆங்கிலம் சேர்ந்த இருமொழியிலும் படப் புத்தகங்கள் போடுகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கலாம். அங்கே வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருப்பதால், சின்னக் குழந்தைக்கு நிலை 1 என்று வடிகட்டித் தேடுவது சுலபம். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் கையைக் கடிக்காது. சென்னையின் தாரா புக்ஸ் நாட்டுப்புற ஓவியர்களை வைத்துச் செய்யும் புத்தகங்கள் கண்ணுக்கு விருந்து, ஆனால் அவற்றைப் பெயர் கற்க வாங்காதீங்க. ஒரு விலங்கை எத்தனை விதமாக வரையலாம் என்று வியக்கிற வயதில் கொடுங்க. வாங்கும் முன் பார்த்துவிட ஆசைப்பட்டால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

"பூனை ஓடியது" என்று படிப்பதா, "ஓடுச்சு" என்று சொல்வதா?

தமிழ்ப் புத்தகம் வாங்கும் எல்லாருக்கும் வரும் சங்கடம் இது. நாம் பேசுவது ஒன்று, அச்சில் இருப்பது இன்னொன்று. "குழந்தைக்குப் புரியலை"ன்னு சொல்லி ஆங்கிலப் புத்தகத்துக்கு மாறிவிடுபவர்கள் நிறைய.

அரபு மொழிக்கும் இதே பிரச்சனை உண்டு. 1993-ல் டினா ஃபைடெல்சன் குழு, இஸ்ரேலில் அரபு பேசும் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு ஆய்வு செய்தது. சில மாதங்கள் தொடர்ந்து எழுத்து அரபுக் கதைகளைப் படித்துக் காட்டினார்கள். அப்படிக் கேட்ட குழந்தைகள், கேட்டதைப் புரிந்துகொள்வதில் மற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள். எழுத்து மொழி குழந்தைக்குக் கஷ்டம் என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை என்று இதில் தெரிகிறது.

இதைத் தமிழுக்குக் கொண்டுவருவது என் கருத்து. இரண்டரை வயது வரை அச்சை மறந்துவிட்டுப் பேச்சுத் தமிழில் சொல்லுங்க. அதுக்கப்புறம் அச்சில் இருப்பதையே படிங்க, தடுக்கும் இடத்தில் மட்டும் பேச்சில் ஒருமுறை சொல்லுங்க. "பூனை மதில் மேல் ஏறியது. செவுத்து மேல ஏறிடுச்சு!" பள்ளியில் முதல் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது, "ஏறியது" அந்தக் குழந்தைக்கு ஏற்கனவே பழகின சத்தமாக இருக்கும்.

இன்னொன்று, திரும்பத் திரும்ப அதே புத்தகத்தைக் கேட்டால் சலிக்காமல் படிங்க. 2011-ல் ஹோர்ஸ்ட் குழு 3 வயதுக் குழந்தைகளிடம் பார்த்தது இது: அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள் அந்தச் சொற்களை நன்றாகக் கற்றார்கள். பத்துப் புத்தகம் வாங்க வசதி இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. மூன்று போதும்.

எல்லா நாயும் கட்டிப்பிடிக்காது

புத்தகத் தேர்வு வெறும் ரசனை விஷயம் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். படப் புத்தகங்களில் நாய் எப்போதும் சிரிக்கும், கட்டிப்பிடிக்கும், குழந்தையின் முகத்தோடு முகம் வைக்கும். வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு அந்தப் புத்தகம் தெரியாது. வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது. கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

அதனால் நாய் வரும் கதை எதுவாக இருந்தாலும் பாலம் போடும் வாக்கியத்தை இங்கே மறக்காதீங்க. தூங்குற நாய், சாப்பிடுற நாய், குட்டியோட இருக்கிற நாய், இந்த மூணு கிட்டயும் போகக்கூடாது. இதைப் படத்தைக் காட்டியே சொல்லலாம். "இந்த நாய் என்ன பண்ணுது? சாப்பிடுதா? அப்போ கிட்ட போலாமா?" வாலும் காதும் எப்படி இருக்கு என்று பார்க்கவைப்பதும் வாசிப்புதான்.

பாம்புக்கு எதிர்ப்பக்கத் தவறு. கதைகளில் அது எப்போதும் வில்லன். அடித்துக் கொல்வதோடு கதை முடியும். குழந்தைக்குத் தேவையான செய்தி வேறு: நில்லு, மெதுவா பின்னாடி வா, பெரியவங்களைக் கூப்பிடு, தொடாதே, கல் எறியாதே. இப்படிச் சொல்லும் புத்தகம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குவேன்.

நீங்க அனுப்பின ரெண்டு கேள்வி

"புலி மானைத் தின்னுற பக்கத்தை மறைக்கணுமா?" மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ரத்தம் தெறிக்கும் படம் மூன்று வயதுக்குத் தேவையில்லை. ஆனால் "புலி மானைச் சாப்பிடும், மான் புல்லைச் சாப்பிடும்" என்ற வாக்கியத்தைக் குழந்தைகள் அமைதியாக ஏற்றுக்கொள்கிறார்கள். பயந்தால் பக்கத்தைத் திருப்பிடுங்க, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.

"பையன் டைனோசர் புத்தகம் மட்டும்தான் கேட்கிறான், வேற எதையும் தொடமாட்டேங்கிறான்." தொடட்டும்! அவன் உண்மை சொல்லும் புத்தகம் படிக்கிறான். நீளமான பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறான் என்றால், சொல் கற்கிற இயந்திரம் நன்றாக ஓடுகிறது. டைனோசரின் உறவினர் இன்றைக்கும் இருக்கிறார், கோழி என்று சொல்லிப் பாருங்க. பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்பது உண்மை. அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம்.

கையில் எழுதிக்கொண்டு போக

நாலு புத்தகத்துக்குக் காசு இருந்தால் நான் இப்படி வாங்குவேன். ஒன்று, பக்கத்துக்கு ஒரு நிஜப் படம் உள்ள கெட்டி அட்டைப் புத்தகம். இரண்டு, ஊர் விலங்குகளைப் பற்றி உண்மை சொல்லும் ஒரு தமிழ்ப் புத்தகம். மூன்று, விலங்குகள் பேசுகிற ஒரு நல்ல கதை. நான்கு, பகிர்ந்துகொள்வது, கோபம், பயம் பற்றி மனிதக் குழந்தைகள் வரும் ஒரு கதை. ரெண்டுக்குத்தான் காசு என்றால், முதல் இரண்டையும் வாங்கிட்டு, கதைக்கு வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டியைக் கேளுங்க. அவங்ககிட்ட அச்சில் வராத கதையே நிறைய இருக்கும்.

உங்க ஊரில் நல்ல விலங்குப் புத்தகம் கண்ணில் பட்டால் பெயரை எழுதி அனுப்புங்க, கேள்வி-பதில் எபிசோடில் வாசிக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.